முகப்பரு, கரும்புள்ளி, அடைத்த துளைகள்: மருந்துக்கடை கவுண்டரில் தினமும் கேட்கும் கேள்விகள்

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் மருந்துக்கடையில் இரண்டு வகை ஆட்கள் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஒருவர் ஆணுறை வாங்க வந்தவர். இன்னொருவர் கர்சீப்பால் கன்னத்தை மறைத்துக்கொண்டு "அண்ணே, பருவுக்கு ஏதாவது டியூப் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்கிற பிளஸ் டூ பையனோ பெண்ணோ. நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். அவர்களும் அவர்களுடைய அம்மாக்களும் என்னிடம் கேட்டவற்றையும், கவுண்டரில் அவசரத்தில் முழுசாகச் சொல்ல முடியாமல் போன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பரு எங்கிருந்துதான் கிளம்புகிறது?

மயிர்க்காலில் இருந்து. சருமத் துளை என்று நாம் சொல்வது மயிர்க்காலின் வாயைத்தான். கண்ணாடிக்கு அருகில் போய்ப் பார்த்தால் கன்னத்தில் பூனைமுடி தெரியும். ஒவ்வொரு முடியும் ஒரு சிறு குழாய்க்குள் இருந்து முளைக்கிறது. குழாயின் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் சுரக்கிற எண்ணெய் குழாய் வழியாக ஏறி மேலே வந்து தோலை வறண்டுபோகாமல் பார்த்துக்கொள்கிறது. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமானவை. அதனால்தான் பருவும் அங்கேயே வருகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுரப்பியே கிடையாது. அங்கே யாருக்காவது பரு வந்து பார்த்திருக்கிறீர்களா?

குழாயின் உட்சுவரும் தோல்தான். அதுவும் செத்த செதில்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். சாதாரணமாக அவை எண்ணெயோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். சிலருக்கு, சில வயதில், செதில் அதிகமாக உதிர்கிறது, ஒன்றோடொன்று ஒட்டியும் கொள்கிறது. எண்ணெயும் கூடுதலாகச் சுரந்தால், சிங்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கோடு சோற்றுப் பருக்கை சேர்ந்த மாதிரி அடைத்துக்கொள்ளும். இது ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரியாது.

அடைத்த குழாய்க்குள் காற்று குறைவு, எண்ணெய் ஏராளம். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது விருந்து. இந்தப் பாக்டீரியா பரு இல்லாதவர் முகத்திலும் வாழ்கிறது, எங்கிருந்தோ தொற்றிக்கொண்டு வருவதில்லை. அது பெருக, உடம்பின் எதிர்ப்பு சக்தி கிளம்ப, அந்த இடம் சிவந்து வீங்கி சீழ் வைக்கிறது. உள்ளே அடைப்பு தொடங்குவதற்கும் வெளியே பரு தெரிவதற்கும் இடையில் பல வாரங்கள் ஓடிவிடும். இன்று காலை கண்ணாடியில் பார்த்த பருவுக்கு நேற்று சாப்பிட்ட பஜ்ஜியைத் திட்டுவதில் நியாயமில்லை.

முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால்தானே வருகிறது?

இல்லை. இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் அம்மா. பக்கத்தில் பிள்ளை தலை குனிந்து நிற்கும். அடைப்பு குழாய்க்குள்ளே இருக்கிறது. சோப்பு வெளியே படுகிறது. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, நன்றாக வியர்த்தால் இன்னொரு முறை கழுவினால் போதும். நாளைக்கு ஏழெட்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல் வறண்டு எரிச்சல் கண்டு, இருக்கிற பரு இன்னும் சிவக்கும். நார் போட்டுத் தேய்ப்பதும், சொரசொரப்பான ஸ்கிரப்பும் அப்படித்தான்.

அப்படியானால் கரும்புள்ளி கறுப்பாக இருப்பது அழுக்கு இல்லையா?

அழுக்கு இல்லை. அடைத்த குழாயின் வாய் திறந்திருந்தால் உள்ளே இருக்கிற கொழுப்பும் மெலனின் நிறமியும் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் மூடியிருந்தால் காற்றுப் படாது, தோல் நிறத்திலோ வெள்ளையாகவோ சிறு மணியாக நிற்கும். அதை 'வெண்புள்ளி' என்று சிலர் சொல்வதால் ஒரு குழப்பம் வருகிறது. தோல் நிறமிழக்கிற வெண்புள்ளி முற்றிலும் வேறு விஷயம். கடையில் கேட்கும்போது 'வொயிட்ஹெட்' என்றே கேளுங்கள், தப்பில்லை.

மூக்கைப் பிதுக்கினால் வெள்ளை நூல் மாதிரி வருகிறது. எடுத்தாலும் மறுபடி வருகிறதே?

வரத்தான் செய்யும், எல்லோருக்கும். சுரப்பியின் எண்ணெய் மேலே ஏறுவதற்கு இருக்கிற இயல்பான திரி அது. கரும்புள்ளி இதைவிடக் கருமையாக, ஒரு மூடி போட்டது போல இருக்கும். இந்தத் திரி சாம்பல் நிறத்தில், மூக்கு முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். கடையில் விற்கும் மூக்குப் பட்டையை ஒட்டி இழுத்தால் அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும், சில வாரத்தில் பழையபடி நிரம்பிவிடும். நோயே இல்லாததற்கு வைத்தியம் தேவையில்லை.

ஆவி பிடித்தால் துளை திறக்குமாம், ஐஸ் வைத்தால் மூடுமாம்?

துளைக்குத் திறந்து மூடுவதற்குத் தசை கிடையாது. அதற்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. ஆவி பிடித்தால் மேலே இருக்கிற எண்ணெய் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். துளை பெரிதாகத் தெரிவதற்குப் பரம்பரை, எண்ணெய்ப் பசை, வயதாக ஆகத் தோல் தொய்வது என்று பல காரணங்கள்.

உடம்புச் சூடுதான் காரணம் என்கிறார்கள். மாம்பழம், முட்டை, வேர்க்கடலை எல்லாம் நிறுத்தணுமா?

பட்டியலை நீட்டி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். 'சூடு' என்ற சொல்லுக்குள் நம் வீட்டில் நிறைய விஷயங்களைப் போட்டு மூடி வைத்துவிடுகிறோம். ஆனால் சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஒரு காலத்தில் டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள். 1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, பருவில் வித்தியாசமில்லை என்றார்கள். ஒப்பிடுவதற்குக் கொடுத்த போலிச் சாக்லேட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு இருந்தது பிறகுதான் பேசப்பட்டது. 2002-இல் பப்புவா நியூ கினியின் கிடாவா தீவைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கிழங்கு, பழம், மீன், தேங்காய் என்று சாப்பிடும் அந்த மக்களில் 1200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்குக்கூட பரு இல்லை. பரம்பரைக்கும் அதில் பங்கு இருக்கலாம், சாப்பாடு மட்டுமே என்று முடிவு கட்டிவிட முடியாது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வில், ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவைச் சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது.

காரணம் இதுதான். மைதா, சீனி, குளிர்பானம் போன்றவை ரத்தச் சர்க்கரையை ஒரேயடியாக ஏற்றும். இன்சுலின் ஏறும். அதைத் தொடர்ந்து எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகிற ஹார்மோன்களும் கூடும். பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ஜிம் போகிற தம்பிகளிடம் மட்டும் நான் கட்டாயம் கேட்பேன்: "வே புரோட்டீன் எடுக்கிறியா?" அது பாலிலிருந்து எடுக்கிற புரதப் பொடி. ஆமாம் என்றால், இரண்டு மாதம் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். வேறு ஊசியோ மாத்திரையோ யாராவது கொடுத்தார்களா என்பது அடுத்த கேள்வி. தசையை வளர்க்க எடுக்கிற அனபாலிக் ஸ்டீராய்டு என்றால் முதுகு முழுக்கக் கட்டி கட்டியாகக் கிளம்பும்.

மாம்பழம் சாப்பிடுங்கள். பெட்டியோடு சாப்பிட வேண்டாம்.

நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாக வருகிறது. ஏன்?

தலையில் என்ன தடவுகிறீர்கள்? தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தடவி, படிய வாரி, அப்படியே வெயிலில் போனால் எண்ணெய் நெற்றிக்கு இறங்கி மயிர்க்காலை அடைக்கும். நம்மூருக்கு மட்டும் உரியதில்லை இது. தலைமுடி படிவதற்குப் பொமேட் என்ற பிசுபிசுப்பான பசையைப் பூசும் பழக்கமுள்ளவர்களுக்கு நெற்றியோரம் வருகிற பருவை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே தனியாகப் பெயர் வைத்து எழுதினார்கள். எண்ணெயை விட வேண்டியதில்லை. குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடுங்கள், அல்லது நுனி முடிக்கு மட்டும் வையுங்கள். தலையணை உறையையும் மாற்றுங்கள். வாரம் முழுக்க எண்ணெய் குடித்த உறையில் கன்னத்தை வைத்துத் தூங்குகிறோம்.

ஹெல்மெட் பட்டி உரசுகிற தாடையில், மாஸ்க் மூடுகிற இடத்தில் வருவதும் இதே வகைதான். உரசலும் வியர்வையும் சேர்ந்து அடைப்பை வேகப்படுத்துகின்றன.

நெற்றியிலும் மார்பிலும் எல்லாம் ஒரே அளவில் இருந்து, அரிப்பும் எடுத்தால் அது பருவாக இல்லாமல் இருக்கலாம். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை மயிர்க்காலில் பெருகினால் அப்படி வரும். வியர்த்து ஊற்றுகிற ஊர்களில் சாதாரணம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் குறைவதற்குப் பதிலாகக் கூடும். பரு நன்றாக அரிக்கிறது என்றால் டாக்டரிடம் அதைச் சொல்ல மறக்காதீர்கள், வைத்தியமே மாறிவிடும்.

எனக்கு முப்பது வயதாகிறது. இன்னும் ஏன்?

பெண்களுக்கு இது மிகச் சகஜம். தாடையோரமாக, ஆழமாக, தொட்டால் வலிக்கிற மாதிரி வரும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு கூடும். ஆண்ட்ரோஜன் என்கிற ஹார்மோன்கள் ஆண் பெண் இருவர் உடம்பிலும் உண்டு, எண்ணெய்ச் சுரப்பிக்கு உத்தரவு போடுவது அவைதான். 12 வயதுக்கு மேல் பரு கிளம்புவதும் அதனால்தான். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவது, முகத்தில் முடி வளர்வது, எடை கூடுவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே க்ரீம் மட்டும் தடவிக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதை.

இன்னொன்று. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், மனநல சிகிச்சையில் லித்தியம், ஸ்டீராய்டு மாத்திரைகள் போன்றவையும் பரு மாதிரிப் பொரிப்பொரியாகக் கிளப்பலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு டியூப் சொன்னார். மூன்றே நாளில் முகம் பளபளவென்று ஆகிவிட்டதாம். அது இருக்கா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிலவற்றில் இதோடு நிறத்தை வெளுக்கிற ஹைட்ரோகுவினோனும், பரு மருந்தான ட்ரெட்டினாயினும் கலந்திருக்கும், வேறு சிலவற்றில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும். பெட்டியில் பெண் படம் இல்லாவிட்டாலும் ஊரில் அதற்குப் பெயர் 'சிவப்பழகு க்ரீம்'.

மூன்று நாளில் பளபளப்பது உண்மைதான். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், ரத்தக் குழாயைச் சுருக்கும், முகம் வெளுத்துத் தெரியும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, உள்ளே இருக்கிற சிறு ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். வெயிலில் நின்றால் எரியும். கன்னத்தில் முடி வளரும். எந்தப் பருவுக்காகத் தடவினீர்களோ அதே பரு, ஒரே அளவில், கூட்டமாக வரும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் சிவந்து வீங்கி எரிய ஆரம்பிக்கும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள், அடங்கிவிடும். "இந்த க்ரீம் இல்லாமல் என் முகம் தாங்காது" என்று நம்ப ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான்.

ஒருமுறை ஒரு பெண் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது அதே டியூபையும் கேட்டது. இரண்டு வருடமாகத் தடவுகிறதாம், வேறு கடையில் வாங்கியது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன், மூக்குக்கு இருபுறமும் நரம்பு நரம்பாகச் சிவப்பு. கொடுக்க மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனது. வேறு கடையில் வாங்கியிருக்கும்.

2018-இல் மத்திய அரசு தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கிறார்களா என்று கேட்டால், எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் வெட்கப்பட வேண்டிய விஷயம் அது. ஏற்கெனவே பல மாதம் தடவியிருந்தால் வெட்கப்படாமல் டியூபையே எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்லித் தருவார்.

சரி, எதுதான் வேலை செய்யும்?

லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் நல்ல ஆரம்பம். 5, 10 சதவீதம் என்று கூட்டினால் எரிச்சல் கூடுகிறதே தவிர பலன் பெரிதாகக் கூடுவதில்லை. துணியை வெளுக்கும், ஜாக்கிரதை. நீலத் தலையணை உறையில் கன்னம் பட்ட இடம் மட்டும் ஆரஞ்சாக மாறிவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள்.

கரும்புள்ளி அதிகம் என்றால் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் வரை உள்ள ஃபேஸ் வாஷோ லோஷனோ உதவும், அது எண்ணெய்க்குள் இறங்கிச் செதிலை இளக்கும். அடைப்பையே உருவாகாமல் தடுப்பதில் கெட்டிக்காரன் அடாபலீன் என்ற பூச்சு மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்தால் இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூசுங்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக்கூடாது.

எல்லோரும் செய்கிற தப்பு, பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது. அடுத்த மாதம் வரப்போகிற பரு பக்கத்துத் துளையில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. பரு வருகிற பகுதி முழுவதும் மெல்லிசாகத் தடவ வேண்டும். 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கூடினாலும் கூடும். பத்தாவது நாள் "கேக்கல அண்ணே, வேற குடுங்க" என்று வருகிறவர்களுக்கு நான் வேறு எதுவும் கொடுப்பதில்லை.

க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் மாதக்கணக்கில் தடவாதீர்கள். பாக்டீரியாவுக்கு மருந்து பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

பற்பசை, எலுமிச்சை, மஞ்சள்?

பற்பசை வேண்டாம், தோலைச் சுடும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் கறுத்துப் புண்ணாகும், அதைப் பார்த்திருக்கிறேன். சமையல் சோடாவும் வேண்டாம். கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு எல்லாம் பெரிய கெடுதல் செய்யாது. பிடித்திருந்தால் பூசிக் கழுவுங்கள், பரு போய்விடும் என்று காத்திருக்காதீர்கள்.

பருவைக் கிள்ளினால் என்ன?

உள்ளே இருப்பது வெளியே வருவது போலவே பக்கத்திலும் ஆழத்திலும் வெடித்துச் சிதறும். சின்னப் பரு பெரிய கட்டியாகும், குழி விழும். மூக்கையும் மேல் உதட்டையும் சுற்றியுள்ள பகுதியின் ரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கமாகவும் தொடர்பு உண்டு. கிருமி அங்கே போவது அபூர்வம், போனால் ஆபத்து.

நம் நிறத்துக்குப் பெரிய பிரச்சினை கறைதான். பரு இருந்த இடத்தில் மெலனின் கூடுதலாகச் சேர்ந்து கறுப்பாக நிற்கும். அது தழும்பு இல்லை, மங்கும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், வெயில் பட்டால் இன்னும் இழுக்கும். 30 எஸ்பிஎஃப் உள்ள, எண்ணெய்ப் பசை இல்லாத சன்ஸ்கிரீனைப் பகலில் பூசுங்கள். குழியாக விழுந்தது மட்டும் க்ரீமுக்குப் போகாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஆழமான, வலிக்கிற கட்டிகள் வந்தால், குழி விழ ஆரம்பித்தால், மூன்று மாதம் ஒழுங்காகத் தடவியும் குறையாவிட்டால். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளை போட்டோவுக்கு நிற்க மறுத்தால், காலேஜுக்குப் போகமாட்டேன் என்றால். அப்போது நான்கு பருதான் இருந்தாலும் போங்கள்.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்ற மருந்து, எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். உதடு வெடிக்கும், ரத்தப் பரிசோதனை வேண்டும். சாப்பிடும்போது கருத்தரித்தால் குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் வரலாம். அதனால் பெண்கள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்திய ஒரு மாதம் வரை கருத்தடை கட்டாயம். தோழி சாப்பிட்ட அட்டையில் மீதி இருக்கிறது என்று வாங்கிச் சாப்பிடுகிற மருந்து இல்லை இது.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். இன்று திங்கள். மூக்கு நுனியில் ஒன்று கிளம்பியிருக்கிறதே?

ஆழமான கட்டியாக இருந்தால் தோல் டாக்டர் அதற்குள்ளேயே மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு ஊசி போடுவார், சில நாளில் அமுங்கும். ஆமாம், ஸ்டீராய்டுதான். அளவு தெரிந்த கை, ஒரே ஒரு இடம், ஒரே ஒரு தடவை. சின்னதாக இருந்தால் சுத்தமான துணியில் ஐஸ் வைத்துச் சில நிமிடம் ஒற்றிவிட்டு, கையைக் கீழே போடுங்கள். போட்டோகிராபர் பார்த்துக்கொள்வார்.